மகிழமரத்தடிச் செருப்புகள்

தையல்கடை நல்லமுத்து வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை அவருடைய செருப்புகள் வெளியே மகிழமரத்தடியில் கிடக்கும்.

உள்ளே யாரும் இல்லை என்பது இடது செருப்பின் கட்சி. "இத்தனை வருஷமா உள்ள போற காலு, அதே பித்தவெடிப்போடதானே திரும்பி வருது?" என்று கேட்கும்.

"நாம போய்ப் பார்த்ததில்லையே. எனக்குத் தெரியாது" என்று வலது சொல்லும்.

"அப்போ இருக்குங்கிறியா?"

"அப்படியும் நான் சொல்லலை."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்" என்று இடது சலித்துக்கொள்ளும். மணிச்சத்தமும் பூவாசமும் சேர்ந்து வர, இரண்டும் அப்படியே கண்ணயர்ந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அரைத்தூக்கத்தில், ஒரு நாய்க்குட்டி வலதைக் கவ்விக்கொண்டு கோயிலுக்குள் ஓடிவிட்டது. இடது திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. ஒற்றைச் செருப்பை யார் வைத்துக்கொள்வார்கள்? மகிழம்பூக்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் உதிர்ந்தன. அது கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளே ஒரே கூச்சல். யாரோ வீசியெறிய, வலது பறந்து வந்து பக்கத்தில் விழுந்தது. அதன் வார் பாதி பிய்ந்திருந்தது.

வலிக்கிறதா என்றுகூட இடது கேட்கவில்லை. "உள்ள யாராவது இருந்தாங்களா?" என்றது.

வலது மூச்சு வாங்கிக்கொண்டு, கனவில் பேசுவதுபோலச் சொன்னது:

"சன்னிதி வரைக்கும் போயிட்டேன். அங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. நானும் மூடிக்கிட்டேன்."