ஐந்தாம் நம்பர் ரயிலின் ராஜா

"இது எட்டாவது பெட்டிடா. இப்பவாவது எழுந்திரு," என்றேன்.

டாஸ்கோ எழுந்திருக்கவில்லை. பிராங்க்ஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு பீட்சா தின்றுகொண்டிருந்தான்.

எதிரே ஐந்தாம் நம்பர் ரயில் நின்றது. போன வாரம் வரை அதில் ஒரு பெட்டி முழுக்க அவன் பேர்தான். இப்போது அதை மறைத்து, ஆரஞ்சு நிறத்தில் 'லூமோ'.

ரயிலில் பேர் எழுதுகிற எங்களுக்கு இருப்பது ஒரே சட்டம். அடுத்தவன் பேர் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி. எண்பத்தொண்ணாம் வருஷம் அது. விரல் வைக்கக்கூட வெற்றிடம் இல்லாமல் எல்லாப் பெட்டியிலும் பேர். அப்படியும் யாரும் மீற மாட்டோம்.

யார் பேர் அதிகம் ஓடுகிறதோ அவன்தான் அந்த லைனுக்கு ராஜா. டாஸ்கோவுக்கும் லூமோவுக்கும் இரண்டு வருஷமாக அதில்தான் போட்டி. லூமோ, ராத்திரி ரயில்களை நிறுத்திவைக்கும் யார்டு வேலியிலிருந்து விழுந்து, முதுகு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அதன்பிறகு டாஸ்கோதான் ராஜா.

"படுத்த இடத்திலிருந்தே ஆள் வெச்சு அடிக்கிறான். நீ பீட்சா தின்னுட்டிருக்க. சூடு சொரணை இருக்கா உனக்கு?"

"விடுடா."

"இன்னும் நாலு பெட்டிதான் உனக்கு மிச்சம். அதுவும் போச்சுன்னா உன்னை எவன் மதிப்பான்?"

"அதான் விடுன்னு சொல்றேனே."

பயந்தாங்கொள்ளி என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் லூமோவின் அக்கா நில்சா படியேறி வந்தாள்.

"தம்பி பேரை ரயில்ல எழுதுறது யாருப்பா?"

"நாங்களும் அவனைத்தான் தேடுறோம்," என்றேன்.

"பார்த்தா, அவன் நல்லா இருக்கணும்னு நான் சொன்னதாச் சொல்லு. ரெண்டு மாசமா தம்பி சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். வாயைத் திறக்கல, ஒரு வாய் சாப்பிடல. போன வாரம் ஜன்னல் வழியா ரயில் போறப்ப அவன் பேரைப் பார்த்துட்டான். 'என்னை யாரும் மறக்கலக்கா'ன்னு ஒரே அழுகை. அன்னிக்கே சோறும் பீன்ஸும் கேட்டு வாங்கித் தின்னான். நேத்து எழுந்தே உட்கார்ந்துட்டான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

நான் டாஸ்கோவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் ஆரஞ்சு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"நல்ல காரியம்தான், இல்லங்கல. அதுக்குன்னு உன் பேரையேவா அழிக்கணும்? கத்துக்குட்டிப் பசங்க கிறுக்கின பெட்டி எத்தனை ஓடுது? அதுல ஒண்ணுல அடிச்சிருக்கலாமே?"

டாஸ்கோ என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"அடுத்தவன் பேர் மேல நான் எப்படிடா அடிக்கறது?"