தம்பி செத்திருக்க வேண்டாம்

நாவலுக்கு வேகம் எப்படி வருகிறது தெரியுமா? யாரோ கதவைத் தட்டும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்த வேண்டும். தட்டியது யார் என்று பார்க்க வாசகரின் விரல் தானாகப் பக்கத்தைப் புரட்டும். ஊரையே சிறையாக்கிய அரசிடமிருந்து ஒருவன் தப்பி ஓடும் என் நாவல் அப்படித்தான் விற்றுத் தீர்ந்தது.

"ஒரே மூச்சுல படிச்சேன் சார். ஆனா கடைசிப் பக்கத்துல அந்தத் தம்பி செத்திருக்க வேண்டாம்" என்றார் ஒரு வாசகர். எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள்.

என் நாயகனுக்குத் தம்பி கிடையாது. எனக்கும் கிடையாது, நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனால் இதில் குழப்பமே இல்லை. நம் பேச்சில் இளவயது ஆண் எவனும் தம்பிதான். கடைசிப் பக்கத்தில் சாகும் நாயகனைச் சொல்கிறார்கள்.

மறுபதிப்புக்கு முன் பதிப்பாளர் அழைத்தார். "முடிவை மாத்திடலாமா? தம்பி பாவம்கிறாங்க."

"ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. அச்சுக்கு அனுப்புங்க."

அதே தெம்போடு அம்மாவைப் பார்க்கப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் படிச்சியாம்மா?"

"சின்னவன் குடுத்தாத்தானே? சாப்பிடக்கூட எழுந்து வரலை."

"எந்தச் சின்னவன்?"

"பேர் வந்ததும் தலைகால் புரியலையாக்கும்" என்று சிரித்தவள், மூடியிருந்த அறைப் பக்கம் திரும்பினாள். "டேய், அண்ணன் வந்திருக்கான் பாரு!"

உள்ளே ஒரு தாள் புரண்டது.

"இதோ வரேண்ணா" என்றது ஓர் இளங்குரல். "இன்னும் ஒரே பக்கம்தான்."