அட்டைக் குழாய்

"வந்தாச்சு உன் ராக்கெட் மன்னர்!" ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த டெட் மனைவியிடம் சொன்னான்.

கார்லா பல்லைக் கடித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். சனிக்கிழமை ஆனால் போதும், சின்னச் சின்ன ராக்கெட் செய்து வானத்தில் பறக்கவிடும் எதிர்வீட்டு ரோலண்ட் துணிப்பையோடு ஆஜர்.

"கார்லா, சமையலறை டிஷ்யூ சுருள் ஏதாவது தீர்ந்திருக்கா? நடுவுல இருக்குமே அட்டைக் குழாய், அது வேணும். அடுத்த ராக்கெட்டுக்கு அதுதான் உடம்பு."

"கடையில பெட்டியாவே விக்கிறாங்களே. குழாய், மூக்கு, இறக்கை, பாராசூட்டு எல்லாம் சேர்த்து. வாங்கி ஒட்ட வேண்டியதுதானே?"

"பெட்டியா? அது பொடிசுங்க சமாசாரம்மா! நான் எல்லாத்தையும் நானே செய்யறவன்."

அப்புறம் கான்சாஸ் காற்று, எந்தப் பசை நல்லது, சோளக்கொல்லையில் தொலைந்துபோன ராக்கெட் என்று அரைமணி நேரம். அடுப்பில் சூப் தீய்ந்தது.

"கஞ்சன்!" கதவைச் சாத்தியதும் வெடித்தாள் கார்லா. "ஒரு பெட்டி வாங்க மனசு வரலை. தெரு பூரா குப்பை பொறுக்கறார்."

"பக்கத்து வீட்டு ஜூடி, அவர் தலை தெரிஞ்சாலே சோபாவுக்குப் பின்னால பதுங்கிடறாளாம்" என்று சிரித்தான் டெட்.

மறுநாளே கார்லா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கடையில் இருந்ததிலேயே நல்ல ராக்கெட் பெட்டியாக ஒன்று வாங்கினாள். தொல்லை ஒழியட்டும்! நேரே ரோலண்டின் கார் ஷெட்டுக்குப் போய் நீட்டினாள்.

"இந்தாங்க. எல்லாம் உள்ளேயே இருக்கு. இனிமே நீங்க யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்."

ரோலண்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆமா... தட்ட வேண்டாம், இல்ல?" என்றார். "ரொம்ப தேங்க்ஸ். இரும்மா, காபி கொண்டு வரேன். ரெண்டாவது கோப்பையை எங்கே வெச்சேன்னுதான் தெரியலை."

அவர் உள்ளே போக, கார்லா நிமிர்ந்து பார்த்தாள். கூரையிலிருந்து ராக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அலமாரியில் அவற்றின் காலிப் பெட்டிகள். அத்தனையும் கடைச் சரக்கு!

நானே செய்யறவனாம்! அப்படியென்றால் நம் வீட்டுக் குழாயெல்லாம்?

மூலையில் கிடந்தன. பை பையாக, பிரிக்கக்கூடப் படாமல்.

அரைமணி நேரம் நின்று பேச ஒரு வாசல். அதற்குத்தான் இத்தனை குழாயும்.

ரோலண்ட் இரண்டு கோப்பைகளோடு திரும்பியபோது புதுப் பெட்டி பிரிந்து கிடந்தது. கார்லா சாமியாடிக்கொண்டிருந்தாள்.

"அநியாயத்தைப் பாருங்க! இவ்வளவு பெரிய பெட்டி, குழாயை வைக்க மறந்துட்டாங்க. சனிக்கிழமை வீட்டுக்கு வந்துடுங்க, ஒண்ணு எடுத்து வைக்கறேன்."

"வராமலா!" என்றார் ரோலண்ட், காபி தளும்ப.

கோட்டுக்குள்ளிருந்த புதுக் குழாய் நழுவி விழாதபடி, கார்லா கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள்.