முள்ளுக்கால் மாப்பிள்ளை

"இன்னா தம்பி, சாமி ஊர்வலமா போறே? காலை எடுத்து வெச்சு நட!"

உலகநாதன் போட்ட சத்தத்தில் அவர் மகள் ஜெயப்பிரியாவுக்கே கூசிப்போனது.

திருவிடந்தை பெருமாள் கோயில். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் கழுத்தில் மாலையோடு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றினால் சீக்கிரம் கூடிவரும் என்று நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை வேறு. ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் மாலையும் கழுத்துமாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பாதிக் கல்யாணம் முடிந்து, ஜோடியைத் தேடிக் கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. சம்பங்கி வாசனையும் சவுக்குத் தோப்புக் காற்றும் ஆளைக் கிறங்கடித்தன. தூக்கத்தில் நடப்பதுபோல் வரிசை மிதந்து போயிற்று.

உலகநாதன் மட்டும் மிதக்கவில்லை. அச்சரப்பாக்கத்தில் நெல் மண்டி வைத்திருப்பவர். மகளுக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப்போய், அவள் முப்பதைத் தொடப்போகிறாள். சுற்றி முடித்த கையோடு உள்ளே போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டால் இந்த ஆவணி தாண்டாது என்று ஜோசியர் அடித்துச் சொல்லியிருந்தார். புதிதாகப் போட்ட ஈ.சி.ஆர். ரோட்டில் வேன் பிடித்து வந்ததே அதற்குத்தான். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்.

சித்திரை வெயிலில் கருங்கல் தகித்தது. ஒற்றை ஆள் அகலத்துக்குத் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தார்கள். அதைவிட்டு இறங்கினால் பாதம் பொரிந்துவிடும். ஆக, யாரும் யாரையும் முந்த முடியாது.

அப்படிப்பட்ட வரிசையில்தான் அந்தப் பையன் உலகநாதனுக்கு முன்னால் அன்னநடை போட்டான். நல்ல வாட்டசாட்டமான கடற்கரைப் பையன். அவனுக்கு முன்னால் விரிப்பு காலியாகக் கிடந்தது. யாரோ ஒரு பெண் அப்போதே மூலை திரும்பிப் போய்விட்டாள்.

"கால்ல முள்ளு ஏறிகீது அண்ணாத்த. மெதுவாத்தான் வர முடியும்" என்று வலது காலைத் தூக்கிக் காட்டினான்.

"கோயிலுக்குள்ள ஏதுடா முள்ளு?"

"காலைல கரையில ஏறினது."

ஒவ்வொரு மூலையிலும் நின்றான். எட்டிப் பார்த்தான். அப்புறம்தான் அடுத்த அடி வைத்தான்.

அடுத்த சுற்றில் இடது காலைத் தூக்கித் தடவினான்.

"யோவ், போன சுத்துல வலது கால்னே! முள்ளு கால் மாறிப் போவுதா?"

வரிசையே சிரித்தது. "இந்த நடை நடந்தா இவனுக்கு நேரா அறுபதாம் கல்யாணந்தான்!" என்றாள் ஒரு அம்மாள்.

அவன் திரும்பவே இல்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

ஒருவழியாகக் கடைசிச் சுற்று முடிந்தது. ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கண்ணெதிரே கதவு சாத்தப்பட்டது.

"மூணு மணிக்கு வாங்கோ" என்றார் பட்டர்.

வேன்காரன் ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

"பரவால்லப்பா" என்றாள் ஜெயப்பிரியா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் உலகநாதனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பையனின் தோளை எட்டிப் பிடித்தார்.

"எம் பொண்ணு வாழ்க்கைடா! எங்க, முள்ளைக் காட்டு பார்க்கலாம்!"

"மன்னிச்சுக்குங்க அண்ணாத்த. நானுந்தான் சாமி பாக்கல... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, அதும் காதுல வுழப்போவுது."

"எது காதுல?"

பக்கத்துப் படி வழியாக ஒரு பெண் வெளியே வந்துகொண்டிருந்தாள். சூம்பிப்போன இடது காலின் முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அடிக்கொரு தரம் கழுத்து மாலை ஊஞ்சல் மாதிரி ஆடியது. கையில் துளசி. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா!" என்று மண்டப நிழலில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டாள். "அத்தனை சுத்தும் நானே சுத்திட்டேன்! யாரும் இடிக்கல. யாரும் ஓரமா நில்லுன்னு சொல்லல. நடை சாத்தறதுக்குள்ள உள்ள பூந்துட்டேன்ம்மா!"

பிடித்த பிடி தளராமல் நின்றிருந்த உலகநாதன் அந்தக் காலைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினான்.

அதற்குள் அவள் கிட்டே வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்கதானே முள்ளு ஏறினவரு? பின்னாடி உங்களைத் திட்டினது எனக்கே கேட்டுச்சு. பாவமா இருந்துச்சு. உங்களுக்கும் சேர்த்துச் சேவிச்சேன்."

கல்யாண வரம் கேட்டு வந்த இடத்தில் அண்ணா என்று கூப்பிட்டால் ஒருத்தனுக்கு எப்படி இருக்கும்? அவன் அசடு வழியச் சிரித்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா" என்று குரலைத் தாழ்த்தினாள். "பொறந்ததிலேர்ந்து இன்னிக்குத்தான் ஒருத்தர் என்னைவிட மெதுவா நடந்து பார்க்கறேன்."

உலகநாதனின் கை அவன் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"சார், நீங்களும் சாமி பாக்கலையா?" அவள் முகம் வாடியது. "இவரு மெதுவா வந்ததாலயா?"

பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேச்சே, இவன் இன்னாம்மா பண்ணுவான்?" என்றார் உலகநாதன். "நீ போன வேகத்துக்கு எங்க யாராலயும் ஈடு கொடுக்க முடியல."