கடற்குதிரையின் பை

கார்காலம் ஓய்ந்து கூதிர்காலம் புகுந்திருந்தது. தூத்துக்குடியின் வானம் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. வாடை கடலின் மேல் நடந்து வந்து, காட்சியகத்தின் சாளரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திரும்பியது.

காட்சியகக் காப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

மேசையில் இரண்டு கொள்முதல் தாள்கள். இரண்டு ஸ்கேனர்களுக்கு. ஒன்றில்தான் கையெழுத்திட முடியும்.

முதலாவது ஒளியால் தோலைப் படிப்பது. வண்ணத்தோடு முப்பரிமாணப் படம் தரும். ஆனால் கண்ணாடிக் குழாய்களில் பதப்படுத்தியிருக்கும் நானூறு கடல் சிற்றுயிர்களையும் ஸ்பிரிட்டிலிருந்து எடுத்து உலர்த்த வேண்டும். உலர்ந்தால் சுருங்கும்.

மற்றது எக்ஸ்ரே. குழாயைத் திறக்காமலே உள்ளே பார்க்கும். வண்ணம் இல்லை.

காட்சியக இயக்குநருக்கு வண்ணம் வேண்டும். காப்பாளருக்கும் மறுப்பில்லை. உள்ளே இருப்பதைத்தான் குழாய்களில் ஒட்டிய சீட்டுகள் சொல்கின்றனவே.

எக்ஸ்ரே கருவி விற்க வந்த செல்வின், சோதனைக்கு வாங்கிப்போன குழாயை மேசையில் வைத்து, மடிக்கணினியைத் திறந்தார்.

திரையில் ஒரு கடற்குதிரை சாம்பல் நிறத்தில் சுழன்றது.

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் காப்பாளரே வலையிட்டுப் பிடித்தது. குழாயின் சீட்டில் அவர் கையெழுத்து: ஆண். பை வெறுமை.

கடற்குதிரையில் கருச் சுமப்பது தந்தை.

"வெறும் பைன்னுல்லா எழுதிவச்சிருக்கிய, சார்? உள்ள ஏழு பிள்ளைய கெடக்கு! ஒண்ணு தலைகீழா வேற நிக்கு." செல்வின் சிரித்தார். "ரேஷன் கார்டுல பேரையே விட்டுட்டியளே!"

காப்பாளர் சீட்டை மறுபடி படித்தார்.

மற்றக் குஞ்சுகள் பிறந்து கடலுக்குப் போயிருக்க வேண்டும். இந்த ஏழும் புறப்படுமுன் வலை விழுந்திருக்கிறது.

மனைவி மறைந்த ஆண்டு அது. ஒரு கையில் மகள், மறு கையில் வலை. கரையில் அமர்ந்து, விரல்நுனியால் பையை ஒரே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதினார். குழந்தை பசித்து அழுதுகொண்டிருந்தது.

மகள் இப்போது எந்த நகரில் இருக்கிறாள் என்பது தெரியும்.

அவ்வளவே.

எக்ஸ்ரேக்கான இரண்டாம் தாளில் கையெழுத்திட்டார். இயக்குநர் கேட்ட வண்ணத்தின் தாளை மடித்து ஓரம் வைத்தார்.

செல்வின் விடைபெற்றுப் போனார். படியில் அவருடைய காலடி ஓய்ந்தது.

எளிதில் தீப்பற்றும் ஸ்பிரிட் மணக்கும் அறையில் கும்பிட விளக்கேற்றலாகாது. காலணிகளைக் கழற்றினார். குழாயின் முன் கைகுவித்து நின்றார்.

தாயும் ஆனவனே.

உதடு மட்டும் அசைந்தது.

பிறகு குனிந்தார். உறங்குவோரை எழுப்பாத குரலில்,

"நல்லா இருங்க, மக்கா."