குறைந்த நாற்பதாயிரம்

'நாடு: ஒரு பார்வை' என்ற அரசுப் புத்தகத்துக்காக மக்கள்தொகைக் கணக்கைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தா, பாதியில் எழுந்து அதிகாரியிடம் போனார்.

"சார், கூட்டல்ல நாப்பதாயிரம் பேர் குறையுது. எல்லையோரத்து ஊரையே விட்டுட்டாங்க."

"விடல. அப்படியே அடிங்க."

"என் தங்கச்சி அங்கதான் சார் குடியிருக்கா. ஊர் நல்லாத்தானே இருக்கு?"

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். "புத்தகம் எப்ப வெளிவருது?"

"அடுத்த மாசம், சார்."

"அப்ப கணக்கு சரியா இருக்கும்."

குமாஸ்தா கதவைத் திறந்தார். வெளியே ஓடிவந்து தங்கைக்குப் போன் செய்தார்.

"பிள்ளைங்களக் கூட்டிட்டு உடனே இங்க வந்துடும்மா."

"இப்ப எப்படிண்ணே வர்றது? ஊர்ல எல்லாரையும் கவர்மென்ட்ல எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. பஸ் ஏறி உக்காந்தாச்சு. டிக்கெட்கூட கேக்கலன்னா பாத்துக்கோங்களேன்."