தொடைக்குள் ஒரு தகடு

எல்லோரும் சுகமா? முழங்கால் வலியெல்லாம் எப்படி இருக்கிறது? கால் என்றாலே எனக்கு எண்பத்து நாலாம் வருடத் தீமிதிதான் ஞாபகம்.

சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில். குழி முழுக்கத் தணல். மஞ்சள் வேட்டியில், வரிசையில் நான்காவதாக என் வீட்டுக்காரர் பரஞ்சோதி.

முந்தின வருடம் லோரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் டைட்டானியம் தகடு வைத்துத் திருகியிருந்தார்கள். அவர் எழுந்து நடந்தால் தீ மிதிப்பார் என்று வேண்டிக்கொண்டது நான். அவரைக் கேட்கவில்லை.

நாள் நெருங்க நெருங்க அவருக்கு ஒரே பேச்சு.

“தகடு சூடாகி நீண்டுச்சுன்னா எலும்பு பொளந்துடும் புள்ள.”

எனக்கும் பயம் வந்துவிட்டது. பஸ் ஏறி அலோர் ஸ்டார் பட்டணத்துக்குப் போனேன். தொழிற்பள்ளியில் உலோகப் பாடம் எடுக்கும் கிளாரன்ஸ் தம்பியைக் கேட்டேன்.

“சூடு ஏறுனா அதுக்கும் பலம் குறையும், இழுத்தா நீளும், நெசந்தான்கா. ஆனா அதுக்கு நானூறு ஐநூறு டிகிரி வேணும். தொடைக்குள்ள அவ்வளவு சூடு போறதுக்குள்ள அண்ணன் வறுவலாயிடுவாருலா.”

சிரித்துக்கொண்டே வந்து சொன்னேன். அவர் “அப்படியா” என்றார். காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

தீமிதியன்று, மூன்றாவது ஆள் குழியில் இறங்கினான். நான் அவர் கால்களைப் பார்த்தேன்.

இரண்டும் நடுங்கின. தகடு இல்லாத கால்தான் அதிகமாக நடுங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூசாரி அய்யாவுவிடம் போனேன்.

“அலோர் ஸ்டார்ல கேட்டுட்டேன் சாமி. தகடு தாங்காதாம். வேண்டுனவ நான், நானே எறங்குறேன். நானும்தான் வெரதம் இருந்தேன்.”

அய்யாவு என் வீட்டுக்காரர் கையிலிருந்த காப்புக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டினார்.

கிளாரன்ஸும் திருவிழா பார்க்க வந்திருந்தார். என் பேச்சு காதில் விழுந்தும், வேப்பிலைத் தோரணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தணலைக் கடந்து அந்தப் பக்கம் பால்குழியில் நான் கால் வைத்தபோது, என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். குனிந்து என் பாதத்தைப் பிடித்தார்.

“சுட்டுச்சா புள்ள?”

“இல்லையே.”

அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்களேன்.